ஞாயிற்றுக்கிழமை விளம்பரம்

என்னிடம் ஒரு பழைய செய்தித்தாள் பக்கம் இருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழ், நியூ ஜெர்சி. பழைய கார், வாடகை வீடு, நாய்க்குட்டி விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் ஆறு வரி. மென்பொருள் பொறியாளர் தேவை, இன்ன படிப்பு, இத்தனை ஆண்டு அனுபவம், விண்ணப்பங்களைத் தபாலில் அனுப்பவும். அந்த ஆறு வரியில் தேடப்பட்ட ஆள் நான்தான். அந்த வேலையில் ஏற்கெனவே இரண்டரை வருடமாக உட்கார்ந்திருந்தேன்.

என் நாற்காலிக்குத் தகுதியான அமெரிக்கர் வேறு யாரும் கிடைக்கவில்லை என்று அரசுக்குக் காட்டுவதற்காக நிறுவனம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் அது. காட்டினால்தான் கிரீன் கார்டுக்கான முதல் படி. யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று மனிதவளத் துறையில் சொன்னார்கள். அன்று சாயங்காலம் நானும் மனைவியும் எடிசனுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். யாரும் வரவில்லை என்பதற்கு ஒரு விருந்து. அன்றைக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை.

ஏழு வருடம் கழித்து, 2024 இல், அதேபோல் இன்னொரு விளம்பரத்துக்கு ஒருவர் விண்ணப்பித்துவிட்டார். இம்முறை அந்த விண்ணப்பத்தை எடைபோட வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். அன்று நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. செய்தபின் ஒருவன் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடும் முயற்சியாகத்தான் இதை எழுதுகிறேன்.

*

முதலில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எச்1பி விசா என்பது 1990 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. ஆண்டுக்கு 65,000 இடம். அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு இன்னொரு 20,000. 2023 மார்ச்சில் இந்த 85,000 இடத்துக்கு வந்த பதிவுகள் ஏழரை லட்சத்துக்கும் மேல். குலுக்கல்தான். அமெரிக்கரைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்று காட்டும் கட்டாயம் எச்1பி எடுக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு வழக்கமாக உள்ள சம்பளத்துக்குக் குறையாமல் தருகிறோம் என்று உறுதிமொழி கொடுத்து, அதன் நகலை அலுவலகத்தில் இரண்டு இடத்தில் பத்து நாள் ஒட்டிவைத்தால் போதும். எங்கள் அலுவலகத்தில் ஒன்று காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். பெயர் இருக்காது, சம்பளம் இருக்கும். யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆள் தேடும் சோதனை வருவது அடுத்த கட்டத்தில், கிரீன் கார்டுக்கு நிறுவனம் விண்ணப்பிக்கும்போது. 2005 முதல் நடைமுறையில் இருக்கும் இதன் பெயர் பெர்ம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் முப்பது நாள் பதிவு, அலுவலகத்தில் அறிவிப்பு, அதற்குமேல் பத்து வழிகள் கொண்ட பட்டியலிலிருந்து ஏதாவது மூன்று. வேலை எந்த அமெரிக்கருக்கும் உண்மையாகவே திறந்திருக்கிறது என்று நிறுவனம் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையில் அந்த வேலையில் ஒருவர் ஐந்து வருடமாக இருப்பார். அவருக்கு அங்கே குழந்தைகூடப் பிறந்திருக்கும். எல்லாருக்கும் தெரிந்த இந்த நடிப்பைச் சட்டமே எழுதி, சட்டமே இயக்குகிறது.

சில நிறுவனங்கள் இந்த நடிப்பைக் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிடுகின்றன. மற்ற வேலைகளுக்கு இணையத்தில் ஆள் எடுத்துவிட்டு, இந்த வேலைகளுக்கு மட்டும் தபாலில் விண்ணப்பம் கேட்டதாக ஃபேஸ்புக் மீது அமெரிக்க நீதித்துறை 2020 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2021 இல் ஒரு கோடியே நாற்பத்திரண்டரை லட்சம் டாலர் வரை தர ஒப்புக்கொண்டு அந்த நிறுவனம் சமரசம் செய்தது. 2023 நவம்பரில் இதே மாதிரியான குற்றச்சாட்டில் ஆப்பிள் இரண்டரைக் கோடி டாலர் வரை. இந்தச் செய்திகளை எங்கள் வாட்ஸப் குழுக்களில் யாரோ பகிர்வார்கள். ‘போச்சுடா, இனிமே இன்னும் டைட் பண்ணுவானுங்க’ என்று கவலைப்படுவோம். ஏமாற்றப்பட்டவர்கள் யார் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்டதில்லை.

*

அவனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம். அப்பா இல்லை. அம்மாவும் கல்யாணமான அக்காவும் ஊரில். இங்கே எம்.எஸ். படித்து, 2019 அக்டோபரில் எச்1பிக்கு மாறி, எங்கள் குழுவில் சேர்ந்தவன். என்னைவிட எட்டு வயது சின்னவன். முதல் வாரமே ‘அண்ணா’ என்று ஆரம்பித்துவிட்டான். மதியச் சாப்பாடு தினமும் சேர்ந்துதான். அவன் கொண்டுவரும் பருப்புப் பொடி சாதத்தில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும்.

எச்1பியில் ஆறு வருடம்தான் இருக்கலாம். அதற்குமேல் நீட்டிக்க வேண்டுமென்றால் ஆறாம் ஆண்டு முடிவதற்கு ஒரு வருடம் முன்பாவது பெர்ம் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும், அல்லது அடுத்த கட்டம் தேறியிருக்க வேண்டும். போய்விட்டால் அதன்பின் எத்தனை வருடமானாலும் நீட்டிக்கலாம். எத்தனை வருடம் என்பது வேறு கதை. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை. 2024 இல் எங்கள் வகை இந்தியர்களில் 2012 ஆம் ஆண்டு வரிசையில் நின்றவர்களின் முறை நடந்துகொண்டிருந்தது. நான் 2017. தம்பிக்கு வரிசையில் நிற்பதற்கே டோக்கன் வாங்கியாக வேண்டும். நிறுவனம் தாமதமாக ஆரம்பித்ததால் அவனுக்கு 2024 செப்டம்பர்தான் கடைசி.

அந்த மே மாதம் விளம்பரம் வந்தது. ஒரு ரெஸ்யூமே வந்தது.

விண்ணப்பங்களை அந்த வேலையில் இருக்கும் வெளிநாட்டவர் பார்க்கக் கூடாது. பொதுவாக வழக்கறிஞரும் எடைபோடக் கூடாது. வழக்கமாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பவர் எவரோ அவர்தான் பார்க்க வேண்டும். குழுவின் டெக் லீட் என்பதால் அது நான். நானும் எச்1பிதான் என்பதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ரெஸ்யூமே மூன்று பக்கம். பட்டம் 1992. தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பதினான்கு வருடம், ஒரு வங்கியில் பத்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஐந்து. 2023 இல் ஆட்குறைப்பு. அதன்பின் எதுவும் இல்லை. நாங்கள் கேட்டிருந்த தகுதிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. அந்த ஒன்று குபர்னெட்டிஸ். அதில் அவருக்கு ஒரு சான்றிதழ் படிப்பும் சொந்தமாகச் செய்த ஒரு சின்ன ப்ராஜெக்டும்தான். மென்பொருள் ஆட்கள் யாரும் வேலை தேடாத இடம் என்பதால்தான் செய்தித்தாளில் விளம்பரம் போடுவது எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கிறது. இவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைக் கையில் பிடித்து வாசிக்கிற ஆள்.

தொலைபேசியில் நாற்பது நிமிடம் பேசினோம். நான் கேட்ட ஒரு சிக்கலுக்கு, நாங்கள் ஆறு மாதமாகக் கட்டிக்கொண்டு அழுத ஒரு சிக்கல்தான் அது, இரண்டு வழி சொன்னார். இரண்டாவது வழி நாங்கள் யோசிக்காதது. கடைசியில், ‘ஒன்று கேட்கலாமா? இந்த வேலை நிஜமாகவே காலியாக இருக்கிறதா?’ என்றார்.

இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் எழுதிய ஒரு வாசகம் இருந்தது. ‘இந்தப் பணிக்கான விண்ணப்பங்களைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம்.’ அதை அப்படியே வாசித்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ‘புரிகிறது. நானும் மேனேஜராக இருந்தவன்தான். இந்த மாதிரி மூன்று பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்’ என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

*

நான் எழுத வேண்டியது ஒரு பத்தி. தகுதியில்லை என்றால் சட்டப்படி செல்லும், வேலை சார்ந்த காரணம் சொல்ல வேண்டும். காரணம் கையிலேயே இருந்தது: குபர்னெட்டிஸ் அனுபவம் போதாது. ஆனால் விதிமுறையில் இன்னொரு வரியும் இருக்கிறது. வேலையில் சேர்ந்தபின் நியாயமான காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய திறமை இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி ஓர் அமெரிக்கரை நிராகரிக்க முடியாது. முப்பது வருடம் நிரல் எழுதியவருக்கு அது எத்தனை வாரம்? எனக்குத் தெரியும். என் மேலாளருக்கும் தெரியும். ‘உன் முடிவு. ஆனா டைம்லைன் தெரியுமில்ல?’ என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

பொய் பற்றித் தமிழில் வளர்ந்த எவனுக்கும் முதலில் ஞாபகம் வருவது வள்ளுவர்தான். ‘வாய்மை’ அதிகாரத்தின் முதல் குறளில் வாய்மைக்கு அவர் தரும் இலக்கணம் கொஞ்சம் ஆச்சரியமானது: யாருக்கும் தீமை விளைக்காத சொல்லைச் சொல்வது. நடந்தது நடந்தபடி என்ற பேச்சே அதில் இல்லை. அடுத்த குறளில் இன்னும் ஒரு படி போகிறார். நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறார். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது, வாத்தியாரிடம் சொல்லும் பொய்களுக்கெல்லாம் அனுமதிச் சீட்டு கிடைத்ததுபோல் இருந்தது.

இமானுவேல் கான்ட் நேர் எதிர். 1797 இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடிவரும் கொலைகாரன் வாசலில் நின்று அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லும் உரிமை உனக்கில்லை என்கிறார். படித்தவர்கள் பலரும் இதைப் படித்துச் சிரித்திருக்கிறார்கள், நானும்தான். ஆனால் அதில் அவர் சொல்லும் ஒரு காரணம் சிரிப்புக்குரியதல்ல. நீ பொய் சொல்லி, அதற்குள் நண்பன் உனக்குத் தெரியாமல் வெளியேறி, கொலைகாரன் திரும்பும் வழியில் அவனைப் பார்த்துக் கொன்றால், அந்தச் சாவில் உனக்கும் பங்குண்டு. விளைவுகளைக் கணக்குப் போட்டுப் பொய் சொன்னவன் கணக்குத் தப்பினால் பொறுப்பேற்க வேண்டும்.

அந்த இரண்டு நாளும் எனக்கு வள்ளுவர் வேண்டியிருந்தார். கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. உண்மையை எழுதினால் தம்பியின் பெர்ம் நின்றுவிடும். அந்த அமெரிக்கருக்கும் வேலை கிடைக்காது. இது பலருக்குத் தெரியாத விஷயம்: தகுதியான அமெரிக்கர் கிடைத்துவிட்டால், பெர்மைத் தொடர முடியாது, அவ்வளவுதான். அவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று இந்த விதி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. தம்பி தன் எச்1பி முடியும்வரை அதே நாற்காலியில் இருப்பான். அவர் தன் வீட்டில் இருப்பார். ஆக உண்மையால் ஒருவனுக்குக் கேடு, இன்னொருவருக்குப் பயனில்லை. பொய்யால் ஒருவனுக்கு வாழ்க்கை, இன்னொருவருக்குப் புதிதாக இழப்பு எதுவுமில்லை. வள்ளுவர் மதிப்பெண் போட்டால் பொய்க்குத்தான் போடுவார்.

குறளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் வெறுமனே நன்மை என்று சொல்லி நிறுத்தவில்லை. குற்றமற்ற நன்மை என்று ஓர் அடை சேர்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் தாண்டிப்போன சொல் அது. தம்பிக்கு நான் செய்ய நினைத்த நன்மையில் குற்றம் இருந்ததா? இருந்தது. முப்பது வருடம் வேலை செய்த ஒரு மனிதர் ‘தகுதியற்றவர்’ என்று ஓர் ஆவணத்தில் பதிவாவார். அதைப் படித்து அவர் வருத்தப்படப் போவதில்லை. ஆனால் அவரிடம் பேசிய நாற்பது நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததற்கு நேர்மாறாக, அவரைப் பற்றி, அவர் இல்லாத இடத்தில் நான் சாட்சி சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் பஞ்சாயத்தில் அப்படிச் சாட்சி சொன்னவனைச் சாகும்வரை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

‘விண்ணப்பதாரர் குறைந்தபட்சத் தகுதிகளைக் கொண்டிருக்கிறார். விடுபட்ட ஒரு திறனை நியாயமான பயிற்சிக் காலத்தில் பெற முடியும்.’ மூன்றாம் நாள் காலையில் எழுதி அனுப்பினேன். நேர்மையாளன் என்று என்னைக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அவர் நேரடியாகக் கேட்டபோது எழுதிக் கொடுத்ததை வாசித்தவன் நான். காகிதத்தில் உண்மையும் காதில் மழுப்பலும். பாதி வாய்மை.

*

தம்பியிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். வேறு யாராவது சொல்லித் தெரியக் கூடாது என்று நினைத்தேன். கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு கேட்டான். எதுவும் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டுக்கு என்னோடு வரவில்லை.

பிறகு ஒருநாள் வந்து எதிரில் உட்கார்ந்தான். டப்பாவைத் திறக்காமல் கேட்டான்.

“அந்த ஆளுக்கு வேலை கிடைச்சுதாண்ணா?”

“இல்லடா. வேகன்சியே இல்லையே.”

“அப்ப எதுக்குண்ணா?”

இந்தக் கட்டுரை பதில் தேடும் கேள்வி இதுதான். அன்று என்னிடம் பதில் இல்லை. ‘மனசு ஒப்பலடா’ என்று ஏதோ சொன்னேன். அவன் சிரித்தான். ‘உங்க மனசுக்கு என் விசாவாண்ணா விலை?’ என்றான். இதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நிறுவனம் ஆறு மாதம் காத்திருந்து மறுபடி பெர்ம் ஆரம்பிக்கலாம் என்றது. ஆரம்பித்தபோது 2025 பிறந்துவிட்டது. அவனுக்கு மிஞ்சியிருந்த நாட்களில் அது முதிராது. வேறு நிறுவனம் தேடினான். ஆறு வருடம் முடியப்போகிறவனை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. 2025 செப்டம்பர் இரண்டாம் வாரம் சோபாவை ஒருவருக்கும் காரை ஒருவருக்கும் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு விமானம் ஏறினான். ஒரு வருடம் வெளியே இருந்துவிட்டால் புதிதாக ஆறு வருடம் கிடைக்கும். மறுபடி குலுக்கலில் போட்டுக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. நானும் அதை நம்பினேன். நான் எழுதிய பத்தி அவனுக்கு இரண்டு வருடத் தாமதம் என்று மனதுக்குள் ஒரு தொகை போட்டு வைத்திருந்தேன். அந்தக் கடனைத் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

அவன் போன அடுத்த வாரம், செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. புதிய எச்1பி விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற பிரகடனத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ஞாயிறு பிறக்கும் நள்ளிரவு முதல் அமல். புதியவர்களுக்கா, இருப்பவர்களுக்கா? ஒரு முறையா, வருடா வருடமா? வணிக அமைச்சர் வருடாந்தரக் கட்டணம் என்பதுபோல் பேசினார். பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லி இரவோடு இரவாக மின்னஞ்சல் அனுப்பின. ஊருக்குக் கிளம்பிய விமானத்திலிருந்து இறங்கியவர்கள் உண்டு. என் நண்பன் ஒருவன் மதுரையில் தங்கை கல்யாணத்துக்கு நிச்சயித்த மண்டபத்தில் நின்றுகொண்டு டிக்கெட் தேடினான். சனிக்கிழமைதான் வெள்ளை மாளிகை விளக்கியது: ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை, புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், ஒரே ஒரு முறை.

புதிய விண்ணப்பம், ஆள் நாட்டுக்கு வெளியே. தம்பியின் கதை துல்லியமாக அதுதான்.

அவனுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட நிறுவனம் தயாராக இல்லை. அவன் செய்த வேலையைச் சென்னைக் கிளைக்கு மாற்றி அவனையே அங்கே அமர்த்திவிட்டது. சம்பளம் இங்கே வாங்கியதில் கால்வாசிக்கும் கொஞ்சம் கீழே. யாருக்கு உரிமை என்று நான் இரண்டு நாள் தூங்காமல் யோசித்த அந்த நாற்காலி, அந்த அமெரிக்கருக்கும் இல்லாமல், இங்கிருந்த தம்பிக்கும் இல்லாமல், ஓ.எம்.ஆருக்குப் போய்விட்டது.

*

இதில் நிறுவனத்தை வில்லனாக்குவது சுலபம். அந்தச் சுலபத்தை நான் நம்பவில்லை. மனிதவளத் துறையில் தம்பியின் கோப்பைப் பார்த்துக்கொண்ட பெண்மணி, வாய்ப்பிருக்கிறதா என்று மூன்று வழக்கறிஞர்களிடம் கேட்டார். விதிகள் வருடத்துக்கு ஒன்றாக மாறும்போது நிறுவனங்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் நடக்கின்றன. குலுக்கலையே மாற்றி, அதிகச் சம்பள நிலையில் இருப்பவர்களுக்கு அதிக வாய்ப்பு என்று 2025 டிசம்பரில் இன்னொரு விதி வந்தது. இதை வைத்து அடுத்த வருடம் யாரை எடுப்பது என்று எந்த மேலாளர் திட்டமிட முடியும்?

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நிச்சயமின்மையின் எடை எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. வேலை போனால் எச்1பிக்காரனுக்கு அறுபது நாள் அவகாசம். அதனால் அவன் சம்பள உயர்வு கேட்கும்போது குரல் தாழ்ந்துதான் வரும். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தால் எடுப்பான். நமக்கு ஸ்பான்சர் செய்தவர்கள் என்ற நன்றி வேறு. செஞ்சோற்றுக் கடன் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். கர்ணனுக்குத் துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான், நமக்கு இவர்கள் ஐ-140 கொடுத்தார்கள். அந்தத் தணிந்த குரலுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய, வீட்டுக் கடன் முடித்த, ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த ஓர் அமெரிக்கரைவிடத் தம்பி நிறுவனத்துக்கு வசதியானவன். அவன் திறமைசாலி என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தராசு யாரிடமும் இல்லை.

மைக்கேல் வால்சர் 1983 இல் வெளிவந்த ‘ஸ்ஃபியர்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்’ நூலில் ஐரோப்பாவின் விருந்தாளித் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறார். ஒரு நாடு வெளியாட்களை உள்ளே விடாமல் இருக்கலாம், அது அதன் உரிமை. ஆனால் வேலைக்கு உள்ளே விட்டபின், தன் சட்டத்துக்கு உட்படுத்தியபின், அவர்களுக்குக் குடிமக்களாகும் வழியைத் திறந்துவைக்காமல் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அது வீட்டோடு வேலைக்காரர்களை வைத்துக்கொள்ளும் குடும்பத்தைப் போன்றது என்கிறார். இதைப் படித்து நான் தலையாட்டுகிறேன். ஆனால் அந்த 1992 பட்டக்காரருக்கு வால்சரின் இந்த வாதத்தில் என்ன இடம்? அவர் அந்த வீட்டின் பிள்ளை. வீடு அவரையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. வீட்டுப்பிள்ளையையும் வேலைக்காரனையும் ஒரே கஞ்சிக்காக எதிரெதிரே உட்காரவைத்து, உங்களில் தகுதியானவர் யார் என்று கேட்கிற ஏற்பாடு இது. கேட்கிறவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்பதை நாங்கள் இருவருமே கவனிப்பதில்லை.

*

“அப்ப எதுக்குண்ணா?”

விளைவைச் சொல்லி என்னால் பதில் தர முடியாது. ஒருவருக்கும் பயனில்லை என்பதுதான் விளைவு. கணக்கு தப்பினால் பொய் சொன்னவன்தான் பொறுப்பு, உண்மை சொன்னவனுக்குப் பொறுப்பில்லை என்று கான்ட் என்னைக் காப்பாற்ற வருகிறார். இரண்டு வருடத் தாமதம் ஒரு லட்சம் டாலர் சுவராக மாறும் என்று 2024 இல் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த விடுதலையை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. தம்பியின் வாழ்க்கையில் ஒரு கை என்னுடையது. கைக்குப் பின்னால் நல்ல காரணம் இருந்தால் கை இல்லாமல் போய்விடாது.

எனக்குக் கிடைத்த பதில் அந்த வெள்ளிக்கிழமை இரவிலிருந்து வந்தது. என் மனைவி அப்போது ஊரில் இருந்தாள், மகனோடு. அவளை ஞாயிறுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று நானும் மற்றவர்களைப் போல டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். தொண்டை வரைக்கும் கோபம். பதினோரு வருடம் வரி கட்டியவன் நான். என் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு காகிதத்தில் ஒரு பத்தி எழுதி என்னை இல்லாமல் செய்ய இவர்கள் யார்?

அப்போது அந்த நாற்பது நிமிடம் ஞாபகம் வந்தது. நானும் ஒரு காகிதத்தில் ஒரு பத்தி எழுதி ஒருவரை இல்லாமல் செய்திருக்கலாம். என்னிடம் நல்ல காரணம் இருந்தது. கையெழுத்துப் போட்ட அதிபரும் தன்னிடம் நல்ல காரணம் இருப்பதாகத்தான் நினைத்திருப்பார், உள்நாட்டுத் தொழிலாளியைக் காப்பாற்றுகிறோம் என்று. நான் அன்று பொய் எழுதியிருந்தால், இந்தக் கோபம் எனக்கு வந்திருக்கும், ஆனால் அதைச் சொல்ல வாய் இருந்திருக்காது. மனிதனைக் காகிதமாகப் பார்க்காதே என்று சொல்லும் உரிமை இலவசமாக வருவதில்லை. என்னிடம் ஒரு காகிதம் வந்தபோது அதில் நான் மனிதரைப் பார்த்தேனா என்பதைப் பொறுத்தது அது.

‘வாய்மை’ அதிகாரத்தின் மூன்றாவது குறளை, தெரிந்தே பொய் சொன்னவனை அவன் நெஞ்சே சுடும் என்பதை, நான் எப்போதும் ஒரு மிரட்டலாகத்தான் படித்திருந்தேன். இப்போது அது ஒரு சாதாரணத் தகவல் மாதிரி தெரிகிறது. சுட்டுப்போன நெஞ்சை வைத்துக்கொண்டு இன்னொருவனிடம் நியாயம் கேட்க முடியாது.

இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது, எனக்கே தெரியும். என் கோபத்துக்கு உரிமை கிடைத்தது. விலையைக் கொடுத்தவன் தம்பி. ‘உங்க மனசுக்கு என் விசாவாண்ணா விலை?’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என் சொந்த விசாவை விலையாக வைத்து இதே பத்தியை எழுதியிருப்பேனா? 2017 இல் யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று சொன்னார்கள். நிஜமாகவே யாரும் வரவில்லையா, வந்தவரை யாராவது ‘அனுபவம் போதாது’ என்று எழுதி அனுப்பினார்களா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை. அந்தச் செய்தித்தாள் பக்கத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அதனால்தானோ என்னவோ.

இதை வெளியிடுவதற்கு முன் தம்பிக்கு அனுப்பி, வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூன்று நாள் கழித்து இரவு அழைத்தான். அங்கே விடிகாலை. பின்னால் அவன் அம்மா யாரையோ பால் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“போடுங்கண்ணா. ஒத்துக்கிட்டேன்னு இல்ல, ஆனா போடுங்க. ஒரே ஒரு இடம் மட்டும் தப்பா இருக்கு.”

“எதுடா?”

“ரெண்டு வாரம் சாப்பிட வரலன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு வாரம் இல்லண்ணா. ஒன்றரை மாசம்.”